அரசுப் பத்திரம்: வாங்கும் வழியும் பணம் திரும்பும் நாளும்

கேரள–தமிழக எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கும் மாமா, போன வருடம் எருத்தேம்பதிப் பக்கம் இருந்த தென்னந்தோப்பில் ஒரு பகுதியை விற்றார். கையில் 12 லட்சம் வந்தது. வருமான வரிக் கணக்கு போட என்னிடம் வந்தபோது கேட்டார்: "கவர்மெண்டு பத்திரத்துல எட்டு வட்டி தர்றாங்களாமா. மொத்தத்தையும் அதுலயே போட்டுடட்டுமா கண்ணு?"

நான் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பேத்தி கல்யாணம் எப்பங்க மாமா?"

"மூணு வருசத்துல வெச்சுக்கலாம்னு இருக்கறோம்."

அவர் சொன்ன பத்திரம் ஏழு வருடத்துக்கானது. நடுவில் உடைக்க முடியாது. 68 வயதான அவருக்குச் சலுகை உண்டு என்றாலும், ஆறு வருடம் முடிந்த பிறகுதான். கல்யாணம் மூன்று வருடத்தில். அரசுப் பத்திரத்தில் போட்ட முதல் போய்விடும் என்ற பயம் வேண்டாம். ஆனால் நமக்குத் தேவைப்படும் நாளில் அந்தப் பணம் கையில் இருக்குமா என்பது தனிக் கேள்வி. பத்திரம் வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் வட்டி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் "கவர்மெண்டுல போட்டிருக்கேன்" என்று சொன்னால் அது பல பொருள் தரும். கேரள அரசின் ட்ரஷரியில் போட்ட வைப்பாக இருக்கலாம். கேரள அரசு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. நடத்தும் சீட்டாக (சிட்டி) இருக்கலாம். தபால் ஆபீஸ் கணக்காக இருக்கலாம். இவை எதுவும் பத்திரம் இல்லை. பத்திரம் என்பது மத்திய அரசோ மாநில அரசோ சந்தையில் கடன் வாங்கும்போது தரும் கடன் சீட்டு. அதற்கான கணக்கை வைத்திருப்பதும், வட்டி நாளில் வட்டியையும் முடிவு நாளில் முதலையும் பட்டுவாடா செய்வதும் ரிசர்வ் வங்கி. வங்கி டெபாசிட்டுக்கு ஒரு ஆளுக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான் காப்பீடு. மத்திய அரசுப் பத்திரத்தில் எவ்வளவு போட்டாலும் கடன் பெற்றவர் அரசே என்பதால் அப்படி ஒரு வரம்பு அங்கே தேவைப்படுவதில்லை. எல்லையின் இரண்டு பக்கமும் பிளேடு கம்பெனிகள் என்று நாங்கள் சொல்லும் தனியார் வட்டிக் கம்பெனிகளில் போட்டு முதலே போனவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

முன்பெல்லாம் இந்தப் பத்திரங்கள் பெரும்பாலும் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வாங்குபவையாகவே இருந்தன. 2021 நவம்பர் 12 அன்று ரிசர்வ் வங்கி 'ரீடெயில் டைரக்ட்' திட்டத்தைத் தொடங்கியது. அதன்பின் தனிநபர் யாரும் நேரடியாக ரிசர்வ் வங்கியிடமே கணக்கு தொடங்கி வாங்கலாம். 2024 மே மாதம் கைபேசிச் செயலியும் வந்துவிட்டது. கணக்கு தொடங்கவும் கட்டணம் இல்லை, வைத்திருக்கவும் கட்டணம் இல்லை. ஏஜென்ட்டும் கமிஷனும் இல்லை. "நான் வாங்கித் தருகிறேன், இத்தனை ரூபாய் கொடு" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கணக்கு தொடங்கத் தேவையானவை: பான் அட்டை, ஆதார் போன்ற ஓர் அடையாள ஆவணம், இந்தியாவில் ஒரு சேமிப்புக் கணக்கு, கைபேசி எண், மின்னஞ்சல். ஒருவர் பெயரிலும் தொடங்கலாம், இருவர் சேர்ந்தும் தொடங்கலாம். வங்கிக் கணக்கு எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. வீடு வேலந்தாவளத்திலும் வங்கிக் கணக்கு பொள்ளாச்சியிலும் இருப்பவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். அதில் ஒரு தடையும் இல்லை. வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் அந்நியச் செலாவணி விதிகளுக்கு உட்பட்டுக் கணக்கு தொடங்கலாம்.

தடை வருவது பெயரில்தான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லையோரத்துக்காரர்களை இது தனியாகப் படுத்துகிறது. பள்ளிச் சான்றிதழில் பெயர் தமிழ் வழக்கப்படி முன்னால் இனிஷியலோடு இருக்கும். ஆதார் எடுத்த இடத்தில் மலையாள உச்சரிப்புப்படி எழுதி, இனிஷியலைப் பின்னால் போட்டிருப்பார்கள். பான் அட்டையில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் முழுவதும் முன்னால் வந்து நிற்கும். வங்கிப் புத்தகத்தில் இன்னொரு வடிவம். என் கணக்கே முதல் முறை இதனால்தான் தள்ளுபடியானது. பான், ஆதார், வங்கி மூன்றிலும் பெயரை ஒரே எழுத்தாக ஆக்கிக்கொண்டு, ஆதாரோடு கைபேசி எண் இணைந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்ட பிறகு உட்காருங்கள். வங்கிப் பெயர்த் திருத்தத்தை வங்கியிலும், ஆதார், பான் திருத்தங்களை அக்‌ஷயா மையத்திலும் (கேரள அரசின் இ-சேவை மையம்) முதலிலேயே முடித்துவிட்டால், அப்புறம் வேலை வீட்டிலிருந்தபடியே நடக்கும். வாரிசு நியமனத்தையும் அன்றே பதிவு செய்துவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களின் குடும்பங்கள் வாரிசுச் சான்றிதழுக்கு அலைவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

எதை வாங்குவது

குறுகிய காலத்துக்கு கருவூல உண்டியல். டி-பில் என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். 91 நாள், 182 நாள், 364 நாள் என்று மூன்று வகை. இதற்கு வட்டி என்று தனியாக எதுவும் வராது. குறைந்த விலைக்கு வாங்குகிறோம், முடிவில் முழு மதிப்பு கிடைக்கிறது. உதாரணமாக, 364 நாள் பில் 100 ரூபாய்க்கு 94.70 என்ற விலையில் ஏலம் போனதாக வைத்துக்கொள்வோம். 10,000 ரூபாய் பில்லுக்கு 9,470 ரூபாய் கட்டுகிறீர்கள். முடிவு நாளில் 10,000 வரும். லாபம் 530 ரூபாய், வருடத்துக்குச் சுமார் 5.6 சதவீதம். வழக்கமாக ஏலம் புதன்கிழமை, பில் கணக்கில் ஏறுவது வியாழக்கிழமை. 91, 182, 364 மூன்றும் ஏழால் வகுபடும் என்பதால் பணம் திரும்புவதும் பெரும்பாலும் ஒரு வியாழக்கிழமையாகவே இருக்கும். கல்யாணச் செலவுக்கோ கல்லூரிக் கட்டணத்துக்கோ நாள் குறித்து வைக்க இது எவ்வளவு வசதி என்று பாருங்கள்.

நீண்ட காலத்துக்கு மத்திய அரசின் தேதியிட்ட பத்திரங்கள். பெயரே எல்லாம் சொல்லிவிடும். '6.33% ஜி.எஸ். 2035' என்றால் (ஜி.எஸ். என்பது அரசுப் பத்திரம்), முக மதிப்பில், அதாவது பத்திரத்தில் குறித்திருக்கும் தொகையில், வருடத்துக்கு 6.33 சதவீத வட்டி, முதல் திரும்புவது 2035-ல். முக மதிப்பில் ஒரு லட்சத்துக்கு வைத்திருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 3,165 ரூபாய் வங்கிக் கணக்கில் விழும். மாநிலப் பத்திரங்களும் இதே மாதிரிதான். எஸ்.டி.எல். என்று பட்டியலில் இருக்கும். கேரளம், தமிழ்நாடு, ஆந்திரம் எல்லாம் இப்படிக் கடன் வாங்குகின்றன. வட்டி பொதுவாக மத்திய அரசுப் பத்திரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். நடுவில் விற்பது கொஞ்சம் சிரமம்.

மாமா கேட்ட 'எட்டு வட்டி'க்காரர் இவர்கள் யாரும் இல்லை. அது 2020-ல் வந்த மாறும் வட்டிச் சேமிப்புப் பத்திரம். ஆயிரம் ரூபாயிலிருந்து போடலாம், மேல் வரம்பு இல்லை. தேசிய சேமிப்புப் பத்திரமான என்.எஸ்.சி.யின் வட்டியோடு 0.35 சதவீதம் சேர்த்துத் தருவார்கள். என்.எஸ்.சி. 7.7 ஆக இருந்தால் இதற்கு 8.05. ஜனவரி 1, ஜூலை 1 இரண்டு நாளும் வட்டி வரும், அன்றே புது வட்டி விகிதமும் நிர்ணயமாகும். ஏழு வருடம் தொட வேண்டாத பணத்துக்கு, முக்கியமாக ஓய்வுபெற்றவர்களுக்கு, நான் தயங்காமல் இதைச் சொல்வேன். ஆனால் இதை விற்க முடியாது, பிறர் பெயருக்கு மாற்ற முடியாது, அடகு வைத்துக் கடனும் வாங்க முடியாது. முன்கூட்டியே எடுக்கும் உரிமை மூத்தோருக்கு மட்டும்: 60 முதல் 70 வயதுவரை உள்ளவர்களுக்கு ஆறு வருடம் கழித்து, 70 முதல் 80 வரை ஐந்து வருடம் கழித்து, 80 தாண்டியவர்களுக்கு நான்கு வருடம் கழித்து. அப்படி எடுத்தால் கடைசி ஆறு மாத வட்டியில் பாதியைப் பிடித்துக்கொள்வார்கள். வெளிநாடு வாழ் இந்தியர்கள் இதை வாங்க முடியாது. ரீடெயில் டைரக்டிலும் கிடைக்கும், பாரத ஸ்டேட் வங்கி, தேசிய வங்கிகள், சில தனியார் வங்கிகளிலும் கிடைக்கும்.

பவுன் கணக்கிலேயே யோசிக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் கேட்பது தங்கப் பத்திரம். 2024 பிப்ரவரியில் வந்த தொகுப்புக்குப் பிறகு அரசு புதிதாக வெளியிடவில்லை. ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு எட்டு வருடம் முடிந்ததும் அன்றைய தங்க விலைப்படி, அதாவது முந்தைய மூன்று வேலை நாட்களின் 999 (சுத்தத்) தங்க விலைச் சராசரிப்படி, பணம் வரும். ஐந்து வருடம் முடிந்தபின் வட்டி நாட்களில் முன்கூட்டியும் கொடுத்துவிடலாம். அதற்கு வட்டி நாளுக்கு ஒரு மாதம் முன்பே, வாங்கிய வங்கியிலோ தபால் ஆபீஸிலோ எழுதிக் கொடுக்கப் போவது நல்லது. 2015-ல் வந்த முதல் தொகுப்பு கிராமுக்கு 2,684 ரூபாய். 2023 நவம்பரில் அதற்குத் திரும்பிய விலை 6,132. நடுவில் வருடத்துக்கு ஒரு சிறு வட்டியும் கிடைத்தது.

வாங்கும் முறை

டி-பில், தேதியிட்ட பத்திரம், மாநிலப் பத்திரம் எல்லாவற்றுக்கும் குறைந்தது 10,000 ரூபாய் முக மதிப்பு, அப்புறம் அதன் மடங்குகள். மாநிலப் பத்திர ஏலம் வழக்கமாகச் செவ்வாய், மத்திய அரசுப் பத்திர ஏலம் வழக்கமாக வெள்ளி. நாம் விலை சொல்ல வேண்டியதில்லை. 'எனக்கு இவ்வளவு வேண்டும்' என்று மட்டும் சொல்கிறோம். பெரிய வங்கிகள் போட்டியிட்டு ஏலம் எடுத்த விலைகளின் சராசரி எதுவோ, அதே விலை நமக்கும். 20,000 ரூபாய்க்கு வாங்குபவருக்கும் கோடிக்கணக்கில் வாங்குபவருக்கும் ஏறக்குறைய ஒரே விலை கிடைக்கும் இடம் வேறு எங்கே இருக்கிறது? இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

விலை ஏலம் முடிந்தபின்தான் தெரியும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகக் கட்டச் சொல்வார்கள். மிச்சம் திரும்பி வரும். பணம் யு.பி.ஐ. மூலமோ நெட் பேங்கிங் மூலமோ கட்டலாம். ஏலத்துக்கு முந்தைய நாளுக்குள் போட்டுவிடுங்கள், கடைசி நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். டி-பில் முடிந்ததும் அதே பணத்தை மறுபடி டி-பில்லில் தானாகவே போடும் வசதியும் 2025-ல் வந்திருக்கிறது.

ஏலத்தில் வராத பத்திரம் வேண்டுமென்றால், அதே தளத்தில் சந்தையிலும் வாங்கலாம். சரியாக மூன்று வருடத்தில் முடியும் பத்திரத்தை இங்கேதான் தேட வேண்டியிருக்கும். அப்படி வாங்கும்போது, கடைசி வட்டி நாளிலிருந்து அன்றுவரை சேர்ந்த வட்டியை விற்பவருக்கு நாம் கொடுக்க வேண்டும். விலைக்கு மேல் இது என்ன தொகை என்று பதற வேண்டாம். அடுத்த வட்டி நாளில் முழு ஆறு மாத வட்டியும் நமக்கே வரும்.

பணம் திரும்புவது

முடிவு நாள்வரை வைத்திருந்தால் நாம் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. விண்ணப்பம் வேண்டாம், எந்த ஆபீஸுக்கும் போக வேண்டாம். இணைத்த வங்கிக் கணக்கில் பணம் வந்துவிடும். தேதியிட்ட பத்திரத்தில் வட்டி நாள் விடுமுறையானால் வட்டி அடுத்த வேலை நாளில் வரும். முதல் திரும்பும் நாள் விடுமுறையானால் முந்தைய வேலை நாளிலேயே வந்துவிடும்.

ஆனால் அந்த வங்கிக் கணக்கு உயிரோடு இருக்க வேண்டும். நான் இணைத்திருந்த வங்கி இன்னொரு வங்கியோடு சேர்ந்து, கிளைக் குறியீடு மாறியது. நான் அதைத் தளத்தில் திருத்தாமல் விட்டுவிட்டேன். ஒரு டி-பில் முடிந்த வியாழக்கிழமை பணம் வரவில்லை. விவரங்களைத் திருத்தி, காத்திருந்து வாங்க வேண்டியதாயிற்று. பணம் தொலையவில்லை, ஆனால் அந்த வாரம் கட்ட வேண்டிய கட்டணம் ஒன்றுக்குக் கைமாற்று வாங்க வேண்டி வந்தது. பயன்படுத்தாமல் கிடக்கும் பழைய கணக்கை இணைக்காதீர்கள்.

நடுவில் பணம் வேண்டுமென்றால் சந்தையில் விற்க வேண்டும். 'அரசு கேரண்டி' என்ற சொல்லை நம்பி வருபவர்கள் ஏமாறுவது இங்கேதான். பத்து வருடம் பாக்கியுள்ள 7 சதவீதப் பத்திரம் ஒரு லட்சத்துக்கு வைத்திருக்கிறீர்கள். நாட்டில் வட்டி 8 சதவீதமாக ஏறிவிட்டது. உங்கள் 7 சதவீதப் பத்திரத்தை முழு விலைக்கு யார் வாங்குவார்? கணக்குப் போட்டால் சுமார் 93,200 ரூபாய்தான் கிடைக்கும். வட்டி 6 ஆக இறங்கியிருந்தால் அதே பத்திரம் சுமார் 1,07,400-க்குப் போகும். முடிவு நாள்வரை காத்திருப்பவருக்கு இந்த ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, சரியாக ஒரு லட்சம். பாக்கிக் காலம் குறையக் குறைய இந்த ஆட்டமும் குறையும். அவசரம் என்றால் விற்காமல் பத்திரத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கும் வழியும் உண்டு.

வரி பற்றி ஒரு வார்த்தை. பத்திர வட்டிக்கும் டி-பில் லாபத்துக்கும் விலக்கு இல்லை. உங்கள் வருமானம் எந்த வரி அடுக்கில் வருகிறதோ அதற்கு ஏற்ப வரி உண்டு. சாதாரண அரசுப் பத்திர வட்டியில் முன்கூட்டிப் பிடித்தம் செய்ய மாட்டார்கள் என்பதால், நாமே கணக்கில் காட்ட வேண்டும். மாறும் வட்டிச் சேமிப்புப் பத்திரத்தில் மட்டும் வருட வட்டி 10,000 ரூபாயைத் தாண்டினால் பிடிப்பார்கள். வரி வரம்புக்குள் வராதவர்கள் அதற்கான உறுதிமொழிப் படிவத்தை முன்னமே கொடுத்துவிட வேண்டும்.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு லட்சத்தை ஆஸ்பத்திரிச் செலவு, அவசரம் என்று வங்கியிலேயே விட்டோம். ஆறு லட்சத்துக்கு, கல்யாணத்துக்குச் சில மாதம் முன்னால் முடிகிற மத்திய அரசுப் பத்திரம் ஒன்றைச் சந்தையில் தேடி வாங்கினோம். நான்கு லட்சம் 364 நாள் டி-பில்லில் போனது. முதல் பில் முடிந்த வியாழக்கிழமை சாயங்காலம் மாமா பொள்ளாச்சி வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைக் காட்ட நேரே எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அதில் ஒரு லட்சத்தை நகைக்கு எடுத்துக்கொண்டு, மூன்று லட்சத்தை அடுத்த புதன்கிழமை ஏலத்தில் திரும்பப் போட்டிருக்கிறோம்.