பின்னறைக்கு ஒரு குழாய் வெளிச்சம்

மலையில் வீடு கட்டுவதென்றால் முதலில் மண்ணை வெட்டியாக வேண்டும். சரிவை வெட்டிச் சமப்படுத்தி வீட்டை வைத்தால் முன்பக்கம் பள்ளத்தாக்கைப் பார்க்கும், பின்பக்கம் மண்மேட்டைப் பார்க்கும். இலங்கை மலையகத்தில், ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் எத்தனையோ வீடுகளில் பட்டப்பகலில் பின்னறையில் பல்ப் எரிவது இதனால்தான். ஜன்னல் இருக்கும், திறந்தால் இரண்டடி தள்ளிப் பாசி பிடித்த மதில். டவுன் கடைவீடுகளுக்கோ இரண்டு பக்கமும் பொதுச் சுவர். தேயிலைத் தோட்டங்களில் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பின்சுவரில் ஜன்னல் வைக்கவே வழியில்லை. வெளிச்சத்துக்கு மிஞ்சியிருக்கும் பாதை கூரை மட்டும்தான்.

கூரையில் ஒரு தகரத்தை எடுத்துவிட்டு ஒளி புகும் பிளாஸ்டிக் சீட் போடுவது எல்லோருக்கும் தெரிந்த வழி. ஆனால் சீலிங் அடித்த வீட்டில் அந்த வெளிச்சம் கூரைக்கும் சீலிங்குக்கும் இடையிலேயே நின்றுவிடும், எலிகளுக்குத்தான் பிரயோசனம். அந்த இடைவெளியைத் தாண்டி வெளிச்சத்தைக் கீழே இறக்குவது ஒளிக்குழாய். இன்று கடைகளில் விற்கும் வடிவம் 1980களில் ஆஸ்திரேலியாவில் உருவானது. கூரைக்கு மேலே தெளிவான பிளாஸ்டிக்கில் குமிழ் போன்ற ஒரு மூடி, நடுவே உட்புறம் பளபளக்கும் உலோகக் குழாய், சீலிங்கில் ஒளியைப் பரப்பிவிடும் ஒரு மங்கல் தட்டு. அவ்வளவுதான். வயரும் இல்லை, மோட்டாரும் இல்லை. மங்கல் தட்டைப் போடாமல் விட்டால் உச்சி வெயிலில் தரையில் கண் கூசும் ஒரு வட்டம் விழும். அறையின் மூலைகள் இருட்டாகவே கிடக்கும்.

சூட்சுமம் முழுவதும் குழாயின் உட்சுவரில் இருக்கிறது. சூரியன் நேர் மேலே நின்றால் கதிர் சுவரைத் தொடாமலே கீழே வந்து சேரும். சரிந்து நுழையும் கதிர் சுவருக்குச் சுவர் தெறித்துத் தெறித்துத்தான் இறங்கும். ஒவ்வொரு தெறிப்பிலும் கொஞ்சம் ஒளியைச் சுவர் விழுங்கிவிடும். வட்டிக்கு வட்டி மாதிரிதான், ஆனால் நஷ்டக் கணக்கில். சாதாரண அலுமினியத் தகடு 85 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் என்று வைத்துக்கொள்வோம். பத்துத் தெறிப்புக்குப் பிறகு மிஞ்சுவது 20 சதவீதம். 98 சதவீதம் திருப்பி அனுப்பும் சுவராக இருந்தால் அதே பத்துத் தெறிப்புக்குப் பிறகும் 82 சதவீதம் மிஞ்சும். ஒரு தெறிப்பில் அற்பமாகத் தெரியும் வித்தியாசம் குழாயின் அடியில் நான்கு மடங்காகிவிடுகிறது. விலை கூடிய குழாய்கள் சிலவற்றின் உட்பூச்சு உலோகமே அல்ல. ஒளியின் அலைநீளத்தை விட மெல்லிய பிளாஸ்டிக் படலங்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு படலமும் திருப்பி அனுப்பும் சின்னஞ்சிறு பங்கு ஒன்றோடொன்று கூடி, கிட்டத்தட்ட முழு ஒளியும் திரும்பிவிடும்.

சரி, எத்தனை தடவைதான் தெறிக்கும்? அது குழாயின் நீளத்தையும் அகலத்தையும் சூரியனின் சரிவையும் பொறுத்தது. இங்கேதான் நமக்கு அதிர்ஷ்டம். நுவரெலியா இருப்பது வடக்கு அகலாங்கு 7 பாகையில். ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். ஆகத் தாழ்ந்து போகும் டிசம்பரிலும் உச்சியிலிருந்து சுமார் 30 பாகைதான் தெற்கே சரியும். பத்து அங்குல அகலமும் ஐந்தடி நீளமும் உள்ள ஒரு குழாயை எடுத்துக்கொண்டால், அந்த டிசம்பர் நண்பகலில் நடுவாக நுழையும் கதிர் மூன்று நான்கு தடவைதான் சுவரில் படும். அதே நாளில் லண்டனில் சூரியன் உச்சியிலிருந்து 75 பாகை சரிந்து அடிவானத்தோடு கிடக்கும். அங்கே இருபதுக்கு மேற்பட்ட தெறிப்புகள். குளிர் நாட்டுக்காரருக்கு அந்த உயர்ந்த ரகப் பூச்சு கட்டாயம். நமக்கு, குழாய் குட்டையாகவும் நேராகவும் இருந்தால், நடுத்தர ரகமும் நண்பகலில் நன்றாக உழைக்கும். வித்தியாசம் காலையிலும் மாலையிலும்தான் தெரியும். எட்டு எட்டரை மணிச் சூரியனுக்கு இதே குழாயில் பத்துத் தெறிப்பு ஆகிவிடும்.

மடிப்பு மடிப்பாக வளையும் மலிவுக் குழாயை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு மடிப்பும் ஒளியில் ஒரு பங்கை மேல்நோக்கியே திருப்பி அனுப்பிவிடும்.

வெயில் எல்லாம் சரி, நம் ஊரில் பாதி நாள் மூட்டம்தானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மூட்டத்தில் ஒளி எல்லாத் திசைகளிலிருந்தும் வரும். சரிவாக வருவது குழாயிலேயே செத்துவிடும். ஆனால் முழுக்க மூடிய வானம் எல்லா இடத்திலும் ஒரே பிரகாசத்தில் இருப்பதில்லை. அடிவானத்தை விட உச்சி ஏறத்தாழ மூன்று மடங்கு பிரகாசம். ஜன்னல் பார்ப்பது அடிவானத்தை, குழாய் பார்ப்பது உச்சியை. கணக்குப் போட்டுப் பார்த்தால், நல்ல நண்பகல் வெயில் சுமார் 100,000 லக்ஸ், அடர்ந்த மூட்டம் சுமார் 10,000 லக்ஸ். லக்ஸ் என்பது ஒரு சதுர மீற்றரில் விழும் ஒளியின் அளவு, லூமன் என்பது மொத்த ஒளியின் அளவு. பத்து அங்குல வாய்க்குள் வெயிலில் 5,000 லூமனும் மூட்டத்தில் 500 லூமனும் இறங்கும். மூடியும் குழாயும் தட்டும் பாதியைத் தின்றுவிட்டதாக வைத்தாலும், வெயிலில் 9 வாட்ஸ் எல்.ஈ.டி. பல்ப் மூன்று எரிந்த மாதிரி இருக்கும். மூட்டத்தில் பழைய 25 வாட்ஸ் குண்டு பல்ப் அளவு. துணி மடிக்கலாம், அலுமாரியில் தேடலாம். பிள்ளை படிக்க விளக்கு போடத்தான் வேண்டும்.

பொருத்தும் வேலைக்கு வருவோம். ஓட்டை வெட்டுவது அரை மணி வேலை. ஒழுகாமல் மூடுவதில்தான் வேலை செய்யும் பாஸின் (மேஸ்திரியின்) கைவண்ணம் தெரியும். குழாயைச் சுற்றி ஒரு கழுத்துத் தகடு வரும். அதன் மேல் விளிம்பு மேலேயுள்ள தகரத்துக்கு அடியில் நுழைய வேண்டும், கீழ் விளிம்பு கீழேயுள்ள தகரத்துக்கு மேலே படிய வேண்டும். மாற்றி வைத்தால் ஓடிவரும் தண்ணீர் நேரே உள்ளே போகும். சிலிக்கனை அப்பினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தகரம் பகல் வெயிலில் விரிந்து இரவுக் குளிரில் சுருங்குவது. சிலிக்கன் மட்டும் எத்தனை நாளைக்கு இழுபட்டு நிற்கும்? முகட்டுக்குக் கிட்ட வைப்பது நல்லது, மேலிருந்து வந்து மோதும் தண்ணீர் குறைவு. ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் தென்மேல் பருவமழை மே மாதம் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். பதுளைப் பக்கத்தில் வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பிறகு பார்க்கலாம். மூடி பொலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்காக இருக்கட்டும். குரங்குக் கூட்டம் கூரையில் ஓடும் ஊரில் அக்ரிலிக் தாங்குமா என்பது சந்தேகம்தான்.

இன்னொரு விஷயம், ஒழுக்கு என்று நினைப்பதெல்லாம் ஒழுக்கு அல்ல. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லில் உறைபனி விழும் ஊர். சோறு வடிக்கும் ஆவி தட்டின் இடுக்கு வழியாகக் குழாய்க்குள் ஏறினால் குளிர்ந்த மூடியில் பட்டுத் தண்ணீராகிச் சொட்டும். மழையே பெய்யாத நாளில் சொட்டினால் கூரையில் ஏற வேண்டாம். கீழ்த் தட்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தைப் பாருங்கள்.

அஸ்பெஸ்டஸ் கூரையானால் கிரைண்டரைத் தொடவே கூடாது. வெட்டும்போது பறக்கும் இழைத்தூசு நுரையீரலில் தங்கி, பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. வாயையும் மூக்கையும் இறுக மூடி நுண்தூசை வடிகட்டும் முகக்கவசம் போட்டு, சீட்டை நனைத்து, உடைக்காமல் முழுசாகக் கழற்றி, அந்த இடத்தில் முன்னமே ஓட்டை வெட்டிய தகரத்தைப் போடுவதுதான் வழி.

லயக் காம்பராவில் (அறையில்) சீலிங் இல்லாமல் தலைக்கு மேலே நேரே தகரம் என்றால் இவ்வளவு செலவு தேவையில்லை. பிரேசிலில் அல்ஃபிரெடோ மோசர் என்ற மெக்கானிக் 2002இல் செய்து காட்டிய போத்தல் விளக்கு போதும். இரண்டு லீற்றர் பிளாஸ்டிக் போத்தலில் தெளிந்த தண்ணீரும், பாசி பிடிக்காமலிருக்க இரண்டு மூடி வெளிறாக்கும் திரவமும் ஊற்றி, மேல்பகுதி கூரைக்கு வெளியே நிற்கும்படி தகரத்தில் பொருத்த வேண்டும். வெளியே நிற்கும் பகுதியில் விழும் வெயில் தண்ணீரில் முறிவடைந்து, போத்தல் சுவரில் வெளியே கசியாமல் முழுதும் உள்ளேயே தெறித்து (முழுவுட் தெறிப்பு) கீழே இறங்கி, அறையைச் சுற்றிப் பரவும். நல்ல வெயிலில் 40 முதல் 60 வாட்ஸ் குண்டு பல்ப் அளவுக்கு வெளிச்சம் தரும். மூட்டத்தில் குழாயைப் போலவே மங்கிவிடும். லயக் கூரை ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியதல்ல, வரிசை முழுவதற்கும் ஒரே கூரை. தகரத்தில் கை வைக்கும் முன் தோட்ட நிர்வாகத்திடமும் பக்கத்துக் காம்பராவிலும் சொல்லிவிடுவது நல்லது. விறகடுப்புக்கு நேர் மேலே மட்டும் வைக்க வேண்டாம், இரண்டு மாதத்தில் கரி படிந்து போத்தலும் ஒன்றுதான், தகரமும் ஒன்றுதான் என்றாகிவிடும்.