பிரிக்காத பெட்டிக்குப் பொட்டு எங்கே வைப்பது?

மேஜைமேல் அந்தப் பெண் எடுத்து வைத்தது ஒரு பில். நான்காக மடித்திருந்தது, மடிப்போரம் கிரீஸ் ஏறியிருந்தது. கார் போல்ட், நட் கழற்றி மாட்டுகிற 94 உருப்படி கொண்ட சாக்கெட் செட், 11,800 ரூபாய். இன்சூரன்ஸ் பேப்பர் தேடி டேஷ்போர்டைத் திறந்தபோது கிடைத்ததாம். வீட்டில் கணவர் சொல்லியிருந்த விலை 4,000.

கணவர் பில்லைப் படிக்கவில்லை. அதன் மூலையிலிருந்த ஸ்டேப்ளர் பின்னை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார். பின் கழன்று வந்துவிட்டது. எங்கே போடுவது என்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"பணம் போனா போகட்டும் மேடம். பார்சல் இவரோட ஆபீசுக்குத்தான் வந்திருக்கு. அங்க ரிசப்ஷன்ல உட்கார்ந்திருக்கிற பொண்ணுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது" என்றார் மனைவி.

பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு சின்ன அறையில் 17 வருஷமாகக் குடும்ப ஆலோசனை சொல்லி வருகிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். (இங்கே வருகிற தம்பதி மூன்று நான்கு வீட்டுக் கதைகளைச் சேர்த்து, ஊர், வேலை எல்லாம் மாற்றிச் செய்தவர்கள். யாரும் யாரையும் தேட வேண்டாம்.) முன்பெல்லாம் குடி, சந்தேகம், மாமியார் என்று வருவார்கள். கொஞ்ச வருஷமாகக் காரும் வருகிறது. குடும்பத்தோடு ஊருக்குப் போகிற கார் அல்ல. பழைய மாருதி 800, பத்மினி, ஜிப்சி என்று எதையாவது வாங்கி, அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் நிறுத்தி, சனி ஞாயிறில் கழற்றி மாட்டுகிற கார். அந்தக் காருக்குச் சாமான், சாமானுக்கு அலமாரி, அலமாரிக்கு பால்கனி. துணி காயப்போட இடமில்லை என்று சண்டை ஆரம்பிக்கும்.

இந்த விஷயத்தில் நான் முழு நடுநிலை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா கோலார் தங்கவயல் சுரங்க ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்தார். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடியபோது அவரிடம் மிஞ்சியது கொஞ்சம் பணமும், சொந்தக் காசில் சேர்த்த சாமான் நிறைந்த மரப்பெட்டியும். பணம் இரண்டு வருஷத்தில் தீர்ந்தது. பெட்டிதான் அப்புறம் சோறு போட்டது. பத்து-பதினொன்று ஸ்பானர் எது, பன்னிரண்டு-பதிமூன்று எது என்று எட்டு வயதிலேயே எனக்குத் தெரியும். அதனால் ஒரு ஆள் ஸ்பானருக்குக் காசு போட்டான் என்று கேட்டதும் எனக்குக் கோபம் வருவதில்லை.

ஆனால் 11,800ஐ 4,000 என்று ஏன் சொல்ல வேண்டும்?

விலையைக் குறைத்துச் சொல்வது நம் வீடுகளுக்குப் புதிதல்ல. புடவை விலையில் ஆயிரம் குறைத்துச் சொல்லாத பெண்கள் கை தூக்குங்கள் என்றால் என் கையும் மேலே போகாது. தெரிந்தும் தெரியாததுபோல் இரண்டு பேரும் சிரித்துக்கொள்கிற அளவில் அது விளையாட்டு. பார்சலை ஆபீசுக்கு வரவழைப்பது, வண்டி டிக்கியில் ஒரு வாரம் வைத்திருந்து "பழசு, ஃப்ரெண்டு குடுத்தான்" என்று கொண்டுவருவது, வீட்டுக்கு மெசேஜ் போகாத இன்னொரு கணக்கிலிருந்து யு.பி.ஐ.யில் கட்டுவது என்று வரும்போது அது விளையாட்டு இல்லை. அந்தப் பெண்ணைச் சுட்டது 7,800 ரூபாய் வித்தியாசம் அல்ல. அவ்வளவு யோசித்து ஏற்பாடு செய்திருக்கிறாரே என்பதுதான்.

கணவரிடம் தனியாகப் பேசினேன். நாமக்கல் பக்கம். தாத்தாவுக்கு லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறை இருந்தது. பள்ளி விட்டதும் அங்கேதான் கிடப்பாராம். இப்போது பெல்லந்தூரில் ஐ.டி. வேலை. "நாள் பூரா உட்கார்ந்து செய்யற வேலைல சாயங்காலம் கையில தொட்டுப் பார்க்க ஒண்ணுமில்ல மேடம். ஒரு போல்ட்டை முடுக்கினா, முடுக்கினது முடுக்கினதுதான்" என்றார். அதற்காகத்தான் 1996 மாடல் மாருதி 800 ஒன்றை 65,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். இன்ஜெக்‌ஷன் இல்லாத, கார்புரேட்டர் வண்டி. ஜே.சி. ரோட்டில் ஸ்பேர் கிடைக்கும்.

"கடைசியா எப்போ அதுல கை வெச்சீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "ஏப்ரல்ல. இவங்க குழந்தையோட அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப."

நாங்கள் பேசிக்கொண்டிருந்தது ஆகஸ்ட் கடைசியில். போனை எடுத்து ஆர்டர் பட்டியலைக் காட்டச் சொன்னேன். ஏப்ரலுக்கு அப்புறம் ஏழு ஆர்டர். டார்க் ரெஞ்ச், பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்ச், ஒரு பிரஷர் வாஷர், இன்னும் என்னென்னவோ. புது வண்டியின் கம்ப்யூட்டரில் சொருகிக் கோளாறு படிக்கிற ஓ.பி.டி. ஸ்கேனரும் இருந்தது, 1996 வண்டியில் அதைச் சொருக இடமே கிடையாது. எல்லா ஆர்டரும் இரவு 11 மணிக்கு மேல், குழந்தை தூங்கிய பிறகு.

நான்கு மாதத்துக்கு மேலாக வண்டியைத் தொடாத மனிதர் ஏழு சாமான் வாங்கியிருக்கிறார். இந்தக் கணக்கை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். வண்டியில் வேலை செய்வது ஒரு பொழுதுபோக்கு, வேலைக்கான சாமான் வாங்குவது வேறொரு பொழுதுபோக்கு. முதலாவதற்கு அரை நாள் வேண்டும், இரண்டாவதற்கு இரண்டு நிமிஷம் போதும். சின்னக் குழந்தை உள்ள வீட்டில், சில்க் போர்டு சிக்னலில் தினமும் ஒரு மணி நேரம் விடுகிறவருக்கு அந்த அரை நாள் கிடைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கிடைக்காததை ராத்திரி போனில் வாங்கிக்கொள்கிறார். வந்த பெட்டியைப் பிரிக்கவும் நேரமில்லை.

இரண்டு பேருக்கும் நான் கொடுத்த வீட்டுப்பாடம் இதுதான்: ஆயுத பூஜை அன்று வீட்டில், டிக்கியில், ஆபீஸ் லாக்கரில் இருக்கிற சாமான் மொத்தத்தையும் ஹாலில் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும். மனைவி கூட உட்கார வேண்டும். அன்று விலை பேசக் கூடாது.

அடுத்த முறை வந்தபோது மனைவிதான் சொன்னார், பாதி சிரிப்பும் பாதி எரிச்சலுமாக. நியூஸ்பேப்பர் விரித்ததில் சோபா வரை வந்துவிட்டதாம். ஒரே அளவு ரிங் ஸ்பானர் செட் இரண்டு இருந்தது. ஒன்று இருப்பதை மறந்து இன்னொன்று வாங்கியிருக்கிறார். தாத்தாவின் பழைய சுத்தியல் ஒன்று, பிடி கைபட்டு வழுவழு என்று. அதற்குப் பொட்டு வைக்கும்போது கணவருக்குக் கண் கலங்கியதாம். அதைச் சொல்லும்போது மனைவியின் குரல் தணிந்தது. பிறகு, பிரிக்காத நான்கு பெட்டிகள். "இதுக்கு எங்கங்க பொட்டு வைக்கிறது, பார்கோடு மேலயா?" என்று கேட்டிருக்கிறார். கணவர் பதில் சொல்லவில்லை. நான்கில் இரண்டை மறுநாளே விற்பனைக்குப் போட்டுவிட்டார்.

பிரஷர் வாஷர் அதில் ஒன்று. 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சத்தின்போது, குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரில் குடிநீர் வாரியம் அறிவித்ததே, அந்த ஊரில் பேஸ்மென்ட்டில் கார் கழுவ ஒரு மெஷின். அசோசியேஷன் செக்ரட்டரி பார்த்திருந்தால் தனிக் கதையாகியிருக்கும்.

நேரத்தைப் பற்றித்தான் மனைவிமாரும் கணவன்மாரும் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். "ஒரு மணி நேரத்துல வந்துடறேன்" என்று கீழே போகிறவர் பொய் சொல்ல நினைத்துச் சொல்வதில்லை. சைலன்சர் போல்ட் நான்கு, கழற்றி மாட்ட 40 நிமிஷம் என்பது அவர் கணக்கு. சைலன்சர் சூட்டிலும் மழைத் தண்ணீரிலும் கிடந்த போல்ட் துருப்பிடித்து நட்டோடு ஒட்டியிருக்கும். எண்ணெய் விட்டு ஊறப்போட வேண்டும். அவசரப்பட்டு நெம்பினால் தலை ஒடிந்துவிடும். ஒடிந்த போல்ட்டை எடுக்க ட்ரில் போட வேண்டும், இல்லாவிட்டால் லேத்துக்கு எடுத்துப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லேத் மூடியிருக்கும். வண்டி நடு பார்க்கிங்கில் தூக்கியபடி நிற்கும், மேலே சாப்பாடு ஆறும், போன் அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் நான் சொல்வது: மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலை 7 மணியிலிருந்து மதியம் 2 வரை உங்களுடையது. அன்று யாரும் கூப்பிட மாட்டார்கள். மற்ற ஞாயிறுகளில் பேஸ்மென்ட் பக்கமே போகக் கூடாது, 'சும்மா கவர் போட்டுட்டு வர்றேன்' என்றுகூட. அதே ஏழு மணி நேரம் மனைவிக்கும் உண்டு. அவர் தூங்கலாம், சினிமாவுக்குப் போகலாம், கணவர் கணக்குக் கேட்கக் கூடாது. இதைக் கேட்டதும் பல பெண்கள் "எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் வேண்டாம் மேடம்" என்பார்கள். வேண்டாம் என்றவர்தான் ஆறாவது மாதம் ஸ்பானரைத் தூக்கி எறிகிறார். வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்துக்கும் அதே ஏற்பாடுதான். வீட்டுச் செலவு, லோன், சேமிப்பு போக இரண்டு பேருக்கும் ஒரே தொகை. 3,000 ஆனாலும் சரி, 10,000 ஆனாலும் சரி. என்ன வாங்கினாய் என்ற கேள்வி கிடையாது. சேர்த்து வைத்துப் பெரிதாக வாங்கலாம், கடன் வாங்கி முன்கூட்டியே வாங்கக் கூடாது. 'நோ காஸ்ட் ஈ.எம்.ஐ.' என்ற பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. வட்டி இல்லாமல் போவதில்லை. பெரும்பாலும் வட்டி அளவுக்குத் தள்ளுபடி என்று காட்டிவிட்டு வட்டியை மாதாமாதம் போடுகிறார்கள். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, பல கார்டுகளில் பிராசசிங் கட்டணமும் உண்டு. சீக்கிரம் முடித்துவிடலாம் என்று பார்த்தால் அதற்கும் ஒரு கட்டணம்.

பழைய வண்டி வாங்கும்போது வண்டி விலையை மட்டும் சொல்லி அனுமதி வாங்குவதும் கிட்டத்தட்ட அந்த 4,000 ரூபாய் வேலைதான். டிங்கரிங், பெயின்ட், டயர் எல்லாம் பின்னால் வரும். 15 வருஷம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாய், அதன் பிறகு 5,000. 20 வருஷம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். தள்ளிப்போட்டால் மாதத்துக்கு 500 தாமதக் கட்டணம். இதையெல்லாம் முதல் நாளே ஒரு தாளில் எழுதி மனைவியிடம் கொடுத்த ஒருவரை இத்தனை வருஷத்தில் பார்த்திருக்கிறேன். ஒரே ஒருவர். அவரும் பேங்க்கில் வேலை செய்கிறவர்.

ஒரு செலவில் மட்டும் நான் யோசிக்காமல் சாமான் வாங்குகிறவர் பக்கம். வண்டிக்கு அடியில் போகிறவரிடம் ஜாக்கி மட்டும் இருந்தால், ஸ்டாண்டு ஒரு ஜோடி நீங்களே வாங்கிக் கொடுங்கள். ஹைட்ராலிக் ஜாக்கியில் உள்ளே சீல் தேய்ந்தால் சொல்லாமல் இறங்கும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவது ஸ்டாண்டு. சக்கரத்துக்கு முட்டுக்கட்டையும் வேண்டும். "என்ன விலை" என்று கேட்பதோடு "ஸ்டாண்டு போட்டீங்களா" என்றும் கேட்கிற மனைவி வீட்டில் சண்டையின் சுருதியே வேறாக இருக்கும்.

கணவர்தான் எப்போதும் கார் பைத்தியம் என்றில்லை. ஜிப்சி வைத்திருக்கிற ஒரு பெண் வந்தார். அவர் எதையும் ஒளிக்கவில்லை, கடனும் இல்லை. "பொம்பளைக்கு எதுக்குடி கிரீஸ்" என்று மாமியார் சொல்லும்போது கணவர் கூடச் சேர்ந்து சிரிக்கிறார், அவ்வளவுதான் புகார். அங்கே ஆலோசனை தேவைப்பட்டது கணவருக்கு.

இன்னொரு எல்லையும் இருக்கிறது. வாங்கியதைப் பிரிப்பதே இல்லை, வாங்காவிட்டால் கை நடுங்குகிற மாதிரி படபடப்பு, லோன் ஆப் கடனை அடைக்க இன்னொரு ஆப் என்று போனால் அது தம்பதிக்குள் பேசித் தீர்க்கிற விஷயம் அல்ல. மனநல மருத்துவரிடம் போக வேண்டும். நம் ஊரிலேயே நிம்ஹான்ஸ் இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசியில், 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம், காசு கிடையாது.

நாமக்கல்காரர் வீட்டில் இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பால்கனி அலமாரி அப்படியே இருக்கிறது. துணி ஹாலில்தான் காய்கிறது. பார்சல் மட்டும் வீட்டு விலாசத்துக்கு வருகிறது.

போன மாதம் அந்தப் பெண் போன் செய்தார். சாக்கெட் செட்டில் பத்தாம் நம்பர் மட்டும் காணவில்லையாம். பையன் விளையாட எடுத்து எங்கேயோ போட்டுவிட்டான். "இவருக்கு இன்னும் தெரியாது மேடம். ஒண்ணு மட்டும் தனியா கிடைக்குமா? முழு செட்டு வாங்கணுமா?"

எஸ்.பி. ரோட்டில் ஒன்று மட்டும் கேட்டாலும் தருவார்கள், கைப்பிடியில் மாட்டுகிற சதுரத் துளை அரை இஞ்சா கால் இஞ்சா என்று பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அப்புறம், "இவர்கிட்ட சொல்லிட்டு வாங்கறதா, சொல்லாம வாங்கி வெச்சிடறதா?" என்று கேட்டார்.