சட்ட மருத்துவர்: சொல் விளக்கம்

வெளிநாட்டில் பெரிய புள்ளி ஒருவர் சந்தேகத்துக்கிடமாக இறந்தால் போதும், நம் செய்திகளில் 'தடயவியல் நோயியல் நிபுணர்' வந்து நிற்கிறார். மரணத்தின் காரணத்தைக் கண்டறிந்து நீதிமன்றத்தில் சொல்லும் மருத்துவரைக் குறிக்கும் 'ஃபொரென்சிக் பத்தாலஜிஸ்ட்' என்பதை இரண்டாக வெட்டி, துண்டு துண்டாக அகராதி பார்த்து ஒட்டிய பெயர் இது. இரண்டு துண்டுமே பொருந்தவில்லை.

ரோமாபுரியில் வழக்குப் பேசிய பொதுமன்றத்துக்கு 'ஃபோரும்' என்று பெயர். அதிலிருந்து வந்த 'ஃபொரென்சிக்' என்பதற்கு மன்றத்துக்குரியது என்று பொருள். 'பத்தோஸ்' கிரேக்கம், துன்பம், நோய். மூலத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

மூலச் சொல்லில் தடயம் எங்கே இருக்கிறது? தடயம் என்பது விட்டுப்போன சுவடு. கைரேகை, துப்பாக்கி ரவை, நஞ்சு ஆகியவற்றை ஆராய்வோருக்குத் தடயவியல் என்ற பெயர் தகும். நம் இலங்கையில் நஞ்சைப் பார்ப்பது அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர். உடலைத் திறக்கும் மருத்துவர் வேறு. இருவருக்கும் நடுவில் போவது போத்தல்கள். ஈரலில் ஒரு துண்டை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமென்றால் 10 சதவீத ஃபோர்மலினில் போட வேண்டும். அதே ஈரலில் நஞ்சைத் தேட வேண்டுமென்றால் ஃபோர்மலின் படவே கூடாது. செறிந்த உப்புக் கரைசலில் போட்டு, மூடி முத்திரையிட்டு அனுப்ப வேண்டும். போத்தல் மாறினால் நஞ்சு இருந்தும் அகப்படாமல் போகலாம். இப்படி வேறுவேறாக நடக்கும் இரண்டு வேலையை ஒரே 'தடயவியல்' என்ற சாக்கில் கட்டினால், யார் எதற்குப் பொறுப்பு என்பது வாசகனுக்கு எப்படி விளங்கும்?

'நோயியல்' இன்னும் மோசம். தேயிலைத் தோட்டத்தில் ஒருவர் தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்டு, 'நோயியல் நிபுணர் பார்க்கிறார்' என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சொன்னால், 'அவருக்கு ஒரு நோயும் இருக்கலையே' என்றுதான் கேட்பார்கள். கேட்பது நியாயம். நம்மிடம் நோயியல் நிபுணர் என்பவர் கட்டியில் வெட்டிய சதையைப் பார்த்துப் புற்றுநோயா என்று சொல்பவர். மேலும், இலங்கையில் இந்த வேலையைச் செய்யும் சட்ட வைத்திய அதிகாரி இறந்தவரை மட்டுமா பார்க்கிறார்? அடிபட்டு வந்தவரையும் பாலியல் வன்முறைக்கு ஆளானவரையும் அவரே பரிசோதித்து அறிக்கை எழுதுகிறார்.

அவர் வேலையின் உயிர் மன்றத்தில்தான் இருக்கிறது. 1951 ஒக்டோபரில் கிரிக்கெட் வீரர் மகாதேவ சதாசிவத்தின் மனைவி கொழும்பில் கொலையுண்டார். குற்றம் சாட்டப்பட்ட கணவர் வீட்டை விட்டுப் போவதற்கு முன்னரா பின்னரா உயிர் பிரிந்தது என்பதே வழக்கு. அரசுத் தரப்பில் பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம், எதிர்த்தரப்பில் எடின்பரோவின் சேர் சிட்னி ஸ்மித். இறந்த பின் உடலின் சூடு ஆறிய கணக்கைக் கொண்டு இரண்டு சட்ட மருத்துவர்கள் மோதினார்கள். 1953இல் சதாசிவம் விடுதலையானார். டி சேரம் அந்தக் கணக்கை விடவில்லை. தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல்கள் ஆறும் வேகத்தை அளந்து, 1955இல் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்டார். 37 பாகை சூட்டிலிருந்து மணிக்கு ஒரு பாகை என்ற குளிர்நாட்டு வாய்பாடு இங்கே செல்லாது. கொழும்புப் புழுக்கத்தில் உடல் மெல்ல ஆறும், நுவரெலியாவின் சனவரி இரவில் விரைந்து ஆறும். அங்கேயும் கம்பளி போர்த்தியிருந்தால் கணக்கு மாறும்.

இவருக்குச் 'சட்ட மருத்துவர்' என்பதே சரி. பதவியைச் சொல்லும்போது 'சட்ட வைத்திய அதிகாரி'. வைத்தியம் வடசொல் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். மலையகத்தில் வைத்தியசாலை என்றே பலகை இருக்கிறது, அதில் எனக்குக் குறையில்லை. 'சட்டபூர்வமான மருத்துவர் என்று பொருள் வந்துவிடாதா' என்றொரு ஆட்சேபமும் உண்டு. வழக்கறிஞரைச் சட்டத்தரணி என்கிறோமே, அதைச் சட்டபூர்வமான தரணி என்றா படிக்கிறோம்? 2021 யூலையில் டயகமவில் ஒரு சிறுமியின் உடலைத் தோண்டியெடுத்து, பேராதனையில் இரண்டாம் முறை பரிசோதித்தபோது, நம் செய்தியாளர்கள் 'சட்ட வைத்திய நிபுணர்கள்' என்றுதான் எழுதினார்கள். உள்ளூர்ச் செய்தியில் வாய்க்கும் சொல், வெளிநாட்டுச் செய்தியை மொழிபெயர்க்க உட்கார்ந்ததும் மறந்துபோவது ஏன்? ஆங்கிலத்தை அருகில் வைத்துக்கொண்டு, மக்கள் பேச்சைத் தள்ளி வைப்பதால்தான்.

இதே கைதான், இறந்த உடலைத் திறந்து பார்க்கும் போஸ்மோட்டத்துக்கு 'உடற்கூற்றாய்வு' என்று எழுதுகிறது. உடற்கூறு என்பது மருத்துவ மாணவர் முதலில் படிக்கும் உடலமைப்புப் பாடம். மரணத்தின் காரணத்தைத் தேடுவது வேறு. 'பிணக்கூறாய்வு' பொருளளவில் சுத்தம், தமிழளவிலும் சுத்தம். ஆனால் பிரேத அறை வாசலில் நிற்கும் தாயிடம் பிணம் என்ற சொல்லை யார் சொல்வது? அங்கே காத்திருக்கும் சொந்தக்காரர்கள் 'பிரேதத்த எப்ப தருவீங்க' என்றுதான் கேட்கிறார்கள். 'பிரேதப் பரிசோதனை' என்ற பெயரே இருக்கட்டும்.