புதுக் காரில் எஞ்சின் ஆயில் ஏன் குறைகிறது?

புதுக் கார் வாங்கி 2,000 கிலோமீட்டர் ஓட்டிய ஒருவர் ஆயில் மட்டத்தை அளக்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கிறார். ஆயில் மட்டம் மேல் குறியிலிருந்து கால் பங்கு இறங்கியிருக்கிறது. எங்கோ ஒழுகுகிறது என்று அவர் கலங்குவது இயல்பு. ஆனால் பெரும்பாலோர் இவ்வளவு தூரம்கூடப் போவதில்லை. வண்டி புதியதுதானே, முதல் சர்வீஸில் பார்த்துக்கொள்வார்கள் என்று பானட்டையே திறக்காமல் விட்டுவிடுகிறார்கள். எனக்குக் கவலை தருவது இந்த இரண்டாம் வகையினர்தான். ஓடும் எஞ்சின் எதுவானாலும் கொஞ்சம் ஆயிலைச் செலவழிக்கும். புதிய எஞ்சினோ முதல் சில ஆயிரம் கிலோமீட்டர்களில் சற்றுக் கூடுதலாகவே செலவழிக்கக்கூடும்.

இதைப் புரிந்துகொள்ள, ஆயில் உள்ளே என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1880களின் முற்பகுதியில் பிரிட்டனில் ரயில் அச்சுகளின் பேரிங்குகளை, அதாவது சுழலும் அச்சைத் தாங்கும் பாகங்களை, ஆராய்ந்த பொறியாளர் பீச்சம் டவர், அச்சின் மேல் அமர்ந்திருந்த பேரிங்கில் ஆயில் விடுவதற்காக ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றபோது அந்தத் துளை வழியாக ஆயில் மேலே பொங்கி வந்தது. தக்கை வைத்து அடைத்தால் தக்கையையும் வெளியே தள்ளியது. சுழலும் அச்சு தன்னோடு ஆயிலை இழுத்துக்கொண்டு போய், ஆப்பு போலக் குறுகிச் செல்லும் இடைவெளியில் திணிப்பதால் அங்கே பெரும் அழுத்தம் உண்டாகி, அந்த அழுத்தமே சுமையைத் தாங்குகிறது என்பதை அறிவியலாளர் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் 1886-இல் கணித வழியில் நிறுவினார். பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் காரின் அச்சான கிராங்க் ஷாஃப்ட் இன்றும் இதே முறையில்தான் சுழல்கிறது. ஓடும் வேகத்தில் அது பேரிங்கைத் தொடுவதே இல்லை; சில மைக்ரான் தடிமனுள்ள ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பார்த்தால், உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையே இருப்பது எவ்வளவு மெல்லிய காப்பு என்பது விளங்கும். ஆயில் பம்பின் வேலை அந்த இடைவெளிக்கு இடைவிடாமல் ஆயிலைக் கொண்டு சேர்ப்பதுதான். சுமையைத் தாங்குவது படலம்.

சிலிண்டரில் நிலைமை வேறு. பிஸ்டன் ஒவ்வோர் ஓட்டத்தின் முடிவிலும் ஒரு கணம் நின்று திரும்புவதால், அங்கே படலம் முழுமையாக உருவாக வழியில்லை. அதனால் சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகளைத் தீட்டிவிடுகிறார்கள். அந்தக் கோடுகளில் ஆயில் தங்குகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள உலோக வளையங்களில் (ரிங்குகளில்) அடியில் இருப்பது மிகுதியான ஆயிலை வழித்துக் கீழே அனுப்பினாலும், சுவரில் ஒட்டியிருக்கும் சிறு பகுதி எரிதலின்போது எரிந்துபோகிறது. புதிய எஞ்சினில் ரிங்குகளும் சுவரும் இன்னும் ஒன்றுக்கொன்று பொருந்தி வந்திருக்காது. தீட்டிய கோடுகளின் கூர்முனைகள் தேய்ந்து ரிங் சீராகப் படியும் வரை வழித்தல் அரைகுறையாகத்தான் நடக்கும். எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக இக்காலத்து ரிங்குகள் மெலிதாகவும் சுவரை இலேசாக அழுத்துபவையாகவும் அமைக்கப்படுவது இன்னொரு காரணம். இவை தவிர, வால்வுத் தண்டுகளின் வழியாகவும், கிராங்க் ஷாஃப்ட் சுழலும் கூடான கிராங்க் கேஸின் ஆவியோடு கலந்தும், டர்போ இருந்தால் அதன் சீல்களின் வழியாகவும் சிறிது சிறிதாக ஆயில் போகிறது.

பல நிறுவனங்களின் கையேடுகள் 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் முதல் 1 லிட்டர் வரை ஆயில் செலவாகலாம் என்று குறிப்பிடுவதைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை. அது ஏற்கத்தக்க மேல் எல்லை, நல்ல நிலையில் உள்ள எஞ்சின் அதைவிட மிகக் குறைவாகவே செலவழிக்கும். ஆனால் பல கார்களில் டிப்ஸ்டிக்கின் இரண்டு குறிகளுக்கும் இடைப்பட்ட அளவு ஏறக்குறைய 1 லிட்டர்தான் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அந்த எல்லையை ஒட்டிச் செலவழிக்கும் எஞ்சின், முதல் சர்வீஸ் வருவதற்கு முன்பே கீழ்க் குறிக்கும் கீழே இறங்கிவிடும்.

அப்போது எச்சரிக்கை விளக்கு எரியாதா என்ற கேள்வி எழும். ஆயில் கேன் வடிவச் சிவப்பு விளக்கு காட்டுவது அழுத்தத்தை, மட்டத்தை அல்ல. பம்பின் உறிஞ்சு குழாய், எஞ்சினுக்குக் கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும் வரை, மட்டம் வெகுவாக இறங்கியிருந்தாலும் அழுத்தம் சீராகவே இருக்கும். திடீரென்று பிரேக் பிடிக்கும்போதோ வளைவில் வேகமாகத் திரும்பும்போதோ ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, குழாய் காற்றை உறிஞ்சும்போதுதான் விளக்கு எரியும். அதற்குள் பேரிங்கில் படலம் அறுபடத் தொடங்கியிருக்கும். சிவப்பு விளக்கைக் கண்டால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும் என்பது இதனால்தான். மட்டத்துக்கென்று தனியாக மஞ்சள் விளக்கு சில கார்களில் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை.

அளக்கும்போது கார் சமதளத்தில் நிற்பது முதல் தேவை. சம்ப் அகலமான தட்டு போன்றது. சிறு சரிவு கூட டிப்ஸ்டிக் இருக்கும் பக்கத்தில் மட்டத்தை ஏற்றவோ இறக்கவோ செய்யும். எஞ்சின் சூடான பின் அணைத்து 5 முதல் 10 நிமிடம் பொறுத்தால், மேலே சிதறியிருக்கும் ஆயிலில் பெரும்பகுதி வடிந்துவிடும். முதல் முறை வெளியே எடுக்கும் டிப்ஸ்டிக்கை நம்பக் கூடாது, அதில் ஓட்டத்தின்போது தெறித்த ஆயில் பூசியிருக்கும். துடைத்துவிட்டு, முழுவதும் உள்ளே செருகி, மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். புது ஆயில் தேன் நிறத்தில் தெளிவாக இருப்பதால் அதன் விளிம்பு கண்ணுக்குப் பிடிபடாது. டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணிமேல் வைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும்.

சூடா, குளிரா என்பதில் கையேடு சொல்வதையே பின்பற்ற வேண்டும். ஆயில் ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் ஏறக்குறைய 0.07 சதவீதம் விரிகிறது. 4 லிட்டர் ஆயில் 70 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட 200 மில்லிலிட்டர் பெருகும். இரண்டு குறிகளின் இடைவெளியில் அது ஐந்தில் ஒரு பங்கு. ஒரு வாரம் குளிர்ந்த எஞ்சினிலும் மறுவாரம் சூடான எஞ்சினிலும் பார்த்தால், இல்லாத குறைவு இருப்பது போலவும் இருக்கும் குறைவு இல்லாதது போலவும் தோன்றும். ஒரே இடத்தில், ஒரே நிலையில் பார்த்து, ஓடிய தூரத்தோடு எழுதி வைப்பதே எனக்குத் தெரிந்த நம்பகமான வழி. டிப்ஸ்டிக்கே இல்லாமல் சென்சார் மட்டும் உள்ள கார்களில் அளக்கும் முறை மாறும். அதன் நிபந்தனைகளும் கையேட்டில் இருக்கும்.

குறைந்திருந்தால் கையேடு குறிப்பிடும் தரத்தில் உள்ள ஆயிலையே ஊற்ற வேண்டும். ஆயில் டப்பாவில் உள்ள 0டபிள்யூ-20 போன்ற குறியீட்டில் முதல் பகுதி குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், இரண்டாம் பகுதி எஞ்சின் சூட்டில் எவ்வளவு தடிமனாக இருக்கும் என்பதையும் குறிக்கிறது. கெட்டியான ஆயில் கூடுதல் பாதுகாப்பு என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், பேரிங் இடைவெளியும் பம்பும் குறிப்பிட்ட தடிமனுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. ஒரு தடவைக்கு 200 மில்லிலிட்டருக்கு மேல் ஊற்றாமல், சில நிமிடம் பொறுத்து மறுபடி அளப்பது நல்லது. மேல் குறியைத் தாண்டிவிட்டால், சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடக்கூடும். காற்றுக் குமிழி நிறைந்த ஆயிலால் சுமையைத் தாங்கும் படலத்தைச் சரியாக உருவாக்க முடியாது. மிகுந்த ஆயில் புகைபோக்கிப் பக்கம் போய் எரிந்தால், அதிலுள்ள பாஸ்பரஸ், புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றியின் திறனையும் குறைக்கும்.

மட்டம் குறைவது மட்டும்தான் சிக்கல் என்று நினைத்துவிடக் கூடாது. சிறு தூரங்களுக்கே பயன்படும் கார்களில், குறிப்பாக பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்களில், எரியாத எரிபொருள் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கிறது. டீசல் கார்களில் புகை வடிகட்டியைச் சுத்தம் செய்யக் கூடுதலாகப் பீய்ச்சப்படும் டீசலும் அப்படியே வந்து சேரலாம். நீண்ட பயணத்தில் இதில் ஒரு பகுதி ஆவியாகி வெளியேறும். இல்லாவிட்டால் ஆயில் நீர்த்து, மட்டம் ஏறும். செலவாகும் ஆயிலும் வந்து கலக்கும் எரிபொருளும் சமமாக இருந்தால் டிப்ஸ்டிக்கில் எந்த மாற்றமும் தெரியாது. எதுவும் ஊற்றாமலே மட்டம் மேல் குறியைத் தாண்டி, டிப்ஸ்டிக்கில் எரிபொருள் வாடையும் அடித்தால், சர்வீஸ் நாளுக்குக் காத்திருக்காமல் ஆயிலை மாற்றிவிட வேண்டும்.