மொன்ஸ்ரர்: சொல்லின் வேரும் தமிழில் அதற்கான சொற்களும்

கார்ட்டூன் பார்க்கும் பிள்ளைகளின் வாயில் 'மொன்ஸ்ரர்' இப்போது வன்னியிலும் சரளமாக வருகிறது. கட்டிலுக்கடியில் ஒளிந்திருப்பதும் மொன்ஸ்ரர்தான், படத்தில் நகரத்தை மிதித்துக்கொண்டு போவதும் மொன்ஸ்ரர்தான். தமிழில் எழுதும்போது ஒருவர் அரக்கன் என்கிறார், இன்னொருவர் பூதம் என்கிறார், மற்றவர் பேய் என்கிறார். எது சரி?

மொன்ஸ்ரர் (monster) என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் 'மொன்ஸ்த்ரும்' என்ற இலத்தீன் சொல். நினைவூட்டு, எச்சரி என்று பொருள்படும் 'மொனேரே' என்ற வினையிலிருந்து வந்தது. உரோமருக்கு அது முதலில் ஒரு பிராணியின் பெயரே அல்ல. இயற்கைக்கு மாறாக ஏதாவது நடந்தால், தெய்வங்கள் எதையோ எச்சரிக்கின்றன என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த அறிகுறிக்குத்தான் மொன்ஸ்த்ரும் என்று பெயர். நாங்கள் உற்பாதம், துர்க்குறி என்று சொல்வது அதற்கு மிக நெருக்கம். சொல் பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. குறி என்ற பொருள் மெல்லத் தேய்ந்து, குறியாக நின்ற அந்த விகார உருவமே பொருளாகிவிட்டது. வகுப்பில் சத்தம் போடுபவர்களின் பெயரை எழுதும் மொனிற்றரும் இதே வேரில் பிறந்த சொல்தான். எங்கள் காட்டு உடும்புக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரிலும் அந்த மொனிற்றர் இருக்கிறது.

இந்த வரலாற்றில் மனதை வருத்தும் பக்கமும் உண்டு. உடற்குறையோடு பிறந்த குழந்தைகளை உரோமர் அபசகுனமாகக் கருதினார்கள். ஐரோப்பிய மருத்துவ நூல்கள்கூட 19ஆம் நூற்றாண்டு வரை அப்படிப் பிறந்த சிசுக்களை இந்தச் சொல்லாலேயே குறித்தன. போரில் கை, கால் இழந்தவர்கள் வீட்டுக்கு வீடு வாழும் மண் இது. ஒருவரின் உடலைப் பார்த்து இந்தச் சொல்லையோ இதன் தமிழ் வடிவத்தையோ யாரும் விளையாட்டுக்கும் சொல்லக்கூடாது.

சரி, தமிழுக்கு வருவோம். அரக்கன், அசுரன், பூதம் மூன்றும் வடமொழி வழி வந்தவை. அரக்கனுக்கும் அசுரனுக்கும் புராணக் குலமும் வரலாறும் உண்டு. பெயரில்லாத கார்ட்டூன் உருவத்துக்கு அந்தச் சட்டை பொருந்தாது. பேய் நம்முடைய சொல். 'பேம், நாம், உரும்' மூன்றும் அச்சம் என்ற பொருளைத் தரும் என்கிறது தொல்காப்பியம். பேய் அந்தப் பேமுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஆனால் எங்கள் பேச்சில் பேய் வேறு வேலைகளும் செய்கிறது. பேய்க்கதை என்றால் அர்த்தமில்லாத கதை, பேயன் என்றால் முட்டாள், "என்னைப் பேய்க்காட்டாதை" என்றால் ஏமாற்றாதே. அதோடு, பேய் என்றால் செத்தவரின் ஆவி என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். மொன்ஸ்ரரோ உடம்போடு உயிரோடு வருவது.

பழைய தமிழில் இதற்கு இன்னும் நெருங்கிய சொல் சூர். அச்சம் என்பதும் அதற்குப் பொருள், அச்சம் தரும் தெய்வம் என்பதும் பொருள். முருகனின் பகைவனைச் சங்கப் பாடல்கள் சூர் என்றே சொல்கின்றன. அகநானூற்றில் 'சூர்மருங்கு அறுத்த சுடரிலை நெடுவேல்' என்று வருகிறது. கந்தசஷ்டிக்கு எங்கள் கோவில்களில் நடக்கும் சூரன்போரில் ஆனைமுகம், சிங்கமுகம் என்று தலை மாறி மாறி வருகிற சூரனைப் பார்த்த பிள்ளைக்கு மொன்ஸ்ரர் என்றால் என்னவென்று தனியாக விளக்கத் தேவையில்லை.

என்றாலும் இன்றைய வாசகருக்கு வெறும் 'சூர்' என்று எழுதினால் விளங்காது. சிறுவர் கதையில் பூதம் போதும். வடமொழி வேர் என்றாலும் பிள்ளைகளுக்கு நன்றாகப் பழகிய சொல். விலங்கு போன்ற உருவமென்றால் கொடுவிலங்கு என்று எழுதலாம். கொடுமை செய்த மனிதனை அரக்கன் என்பதே வழக்கு. வெறும் பருமனைச் சொல்ல இவை எதுவும் வேண்டாம், 'பேர்' என்ற முன்னொட்டே போதும். 2004 டிசம்பர் 26 அன்று முல்லைத்தீவுக் கரையை அழித்த அலையைச் சிலர் இராட்சத அலை என்று எழுதினார்கள்; ஆழிப்பேரலை என்ற சொல்தான் இங்கே நிலைத்தது.