சிறப்பு அறிக்கையாளர்: தூதரும் அல்லர், நிருபரும் அல்லர்

ஐ.நா. மனித உரிமைச் செய்திகளைத் தமிழாக்கும்போது ‘ஸ்பெஷல் ராப்போர்ட்டர்’ என்ற பதவிப் பெயரில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு நாட்டின் மனித உரிமை நிலவரத்தையோ ஒரு பிரச்சினையையோ ஆராய்ந்து அறிக்கை தர நியமிக்கப்படும் வல்லுநர் இவர். சிறப்புத் தூதர், சிறப்புப் பிரதிநிதி, அவசரத்தில் சிறப்பு நிருபர் என்றெல்லாம் எழுதிவிடுகிறார்கள். மூன்றும் பிழை.

ராப்போர்ட்டர் பிரெஞ்சுச் சொல். ‘திரும்பக் கொண்டுவருதல்’ என்ற பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. போய்ப் பார்த்துவிட்டு, அனுப்பியவர்களிடம் வந்து உள்ளதைச் சொல்பவர் என்பது அடிப்பொருள். பிரெஞ்சுப் பள்ளிகளில் கோணமானிக்கும் இதே பெயர்தான். ஆசிரியரிடம் கோள் சொல்லும் பையனுக்கும் இதே பெயர்தான். அறிக்கையில் அடிபடும் அரசுகளுக்குக் கடைசிப் பொருள் மட்டுமே நினைவுக்கு வரும் போலிருக்கிறது.

தூதருக்கும் இவருக்கும் உள்ள வேறுபாட்டை மியான்மரில் தெளிவாகப் பார்க்கலாம். 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் இருவரும் ஒரே காலத்தில் அங்கே போய்வந்தார்கள். மலேசியாவின் ரசாலி இஸ்மாயில், ஐ.நா. பொதுச்செயலாளர் அனுப்பிய தூதர். ராணுவ ஆட்சியாளர்களையும் ஆங் சான் சூச்சியையும் பேசவைப்பது அவர் வேலை. பிரேசிலின் பாவ்லோ செர்ஜியோ பின்ஹெய்ரோ, ஐ.நா. மனித உரிமை ஆணையம் நியமித்த அறிக்கையாளர். சமரசம் பேசுவது அவர் பொறுப்பன்று. 2003 மார்ச்சில் இன்செய்ன் சிறையில் அரசியல் கைதிகளிடம் அவர் தனியாகப் பேசிக்கொண்டிருந்தபோது, மேசைக்கு அடியில் ஒலிவாங்கி ஒன்று ஒளித்துவைக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருக்கு முன் அப்பொறுப்பில் இருந்த மொரீஷியஸ் நாட்டு ராஜ்சூமர் லாலாவுக்கு நாட்டுக்குள் நுழையவே அனுமதி கிடைக்கவில்லை. அறிக்கைகளை அவர் வெளியிலிருந்தே எழுதினார்.

இப்பதவிக்குச் சம்பளம் கிடையாது, இவர்கள் ஐ.நா. ஊழியர்களும் அல்லர். நாடு சார்ந்த பதவிகளில் முன்னோடி சிலி: 1975-இல் அமைத்த பணிக்குழுவின் இடத்தில் 1979-இல் தனி ஒருவரை நியமித்தார்கள். மியான்மருக்கு 1992-இல் தொடங்கியது. அறிக்கை இப்போது ஜெனீவாவில், பழைய ஆணையத்தின் இடத்தில் வந்த மனித உரிமைகள் பேரவைமுன் வைக்கப்படுகிறது. சம்பந்தப்பட்ட நாடு முதலில் பதில் சொல்லும். பிறகு மற்ற நாடுகளும் தன்னார்வ அமைப்புகளும் பேசும்.

தமிழில் ‘சிறப்பு அறிக்கையாளர்’ என்பதே பொருத்தம். இலங்கைப் பத்திரிகைகளில் ‘விசேட அறிக்கையாளர்’ என்ற வடிவத்தையும் பார்க்கலாம். பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த முதல் அறிக்கையாளராக 1994-இல் நியமிக்கப்பட்டவர் இலங்கையின் ராதிகா குமாரசுவாமி என்பதால், அங்கே இச்சொல்லுக்குப் பழக்கம் கூடுதல். ஒரு சங்கடம் உண்டு. நம் அரசியலில் ‘அறிக்கை விடுவது’ என்றால் கட்சித் தலைவர் காலையில் வெளியிடும் கண்டனம். அந்த வாடை இச்சொல்லில் லேசாக ஒட்டிக்கொள்கிறது. அதற்காகப் புதிதாக ஒன்றை உருட்டித் திரட்ட வேண்டியதில்லை. ‘ஆய்வறிக்கை’, ‘விசாரணை அறிக்கை’ என்ற வழக்குகளும் கூடவே இருக்கின்றன.

‘மியான்மர் அறிக்கையாளர்’ என்று மட்டும் சுருக்க வேண்டாம். அந்த நாட்டுக்காரர் என்று படும். பின்ஹெய்ரோ பிரேசில்காரர், 2017 டிசம்பரில் மியான்மர் அரசு உள்ளே விட மறுத்த அறிக்கையாளர் யாங்ஹீ லீ தென்கொரியர். ‘மியான்மர் மனித உரிமை நிலவரத்துக்கான சிறப்பு அறிக்கையாளர்’ என்று முதல் முறை முழுதாக எழுதிவிட்டு, அடுத்து வரும் இடங்களில் ‘அறிக்கையாளர்’ என்றால் போதும்.