நீங்கள் இடது மூளைக்காரர் இல்லை

இந்த மாதமும் ஒருவர் அதே தாளோடு வந்தார். இணையத்தில் ஏதோ கேள்விகளுக்கு விடை சொல்லி வாங்கிய சான்று: 'நீங்கள் இடது மூளைக்காரர்'. அலுவலகத்தில் புதிதாக ஏதாவது யோசனை சொல்லச் சொன்னார்களாம். "எனக்குக் கணக்குதான் சார் வரும், கற்பனை வராது. மூளை அமைப்பே அப்படி" என்றார். மனநல ஆலோசகனாக இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

இடது மூளை ஓங்கியவருக்குக் கணக்கு வரும், வலது மூளை ஓங்கியவருக்குக் கற்பனை வரும் என்ற இந்தக் கதைக்கு மூலம் நிஜமான ஆராய்ச்சிதான். கடும் வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்பிழைக் கட்டு அறுக்கப்பட்ட நோயாளிகளை மூளை ஆய்வாளர் ரோஜர் ஸ்பெரி ஆராய்ந்தார். 1981இல் நோபல் பரிசும் பெற்றார். இணைப்பு அறுந்தபோது, எந்தப் பாதி எந்த வேலையில் கெட்டி என்று தெரிந்தது. பேச்சு பெரும்பாலோருக்கு இடப்பக்கத்தைச் சார்ந்தது என்பதும் சரிதான். ஆனால் உங்களுக்கு யாரும் எதையும் அறுக்கவில்லையே! சுமார் 20 கோடி இழைகள் வழியே இரு பக்கமும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. 2013இல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மூளை ஸ்கேன்களைப் பார்த்தார்கள். சில வேலைகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன; ஆளையே இடது, வலது என்று பிரிக்க ஆதாரம் கிடைக்கவில்லை. (எங்கள் துறைக்காரர்களே சிலர் இந்தச் சோதனையை நடத்திக் காசு பார்க்கிறார்கள். வெட்கம்.)

உங்களைக் கட்டிப்போடுவது மூளையின் பக்கம் இல்லை, உங்களுக்கு நன்றாகப் பழகிப்போன வழிதான். 1942இல் உளவியலாளர் ஆபிரகாம் லூச்சின்ஸ் கொடுத்த கணக்கைப் பாருங்கள். 21, 127, 3 அளவுள்ள ஜாடிகள். 100 அளவு தண்ணீர் வேண்டும். நடு ஜாடியை நிரப்பி, அதிலிருந்து முதல் ஜாடியளவு ஒரு முறையும் கடைசி ஜாடியளவு இரு முறையும் எடுத்துவிட்டால் சரி. இதே வழியில் சில கணக்குகள் போட வைத்த பிறகு 23, 49, 3 ஜாடிகளைக் காட்டி 20 கேட்டார். 23இல் 3 போனால் தீர்ந்தது. பெரும்பாலோர் பழைய சுற்றுவழியிலேயே போனார்கள்.

அனுபவம் இதிலிருந்து காப்பாற்றிவிடாது. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், தேர்ந்த செஸ் வீரர்கள் பழகிய தீர்வைக் கண்டதும், இதைவிடச் சுருக்கமானதைத் தேடுவதாகச் சொன்னார்கள். கண்ணசைவுப் பதிவில் பார்த்தால், பார்வை பழைய தீர்வின் கட்டங்களையே சுற்றிக்கொண்டிருந்தது. பொய் சொல்லவில்லை, தேடுவதாகவே நம்பினார்கள்.

அதனால் 'மாற்றி யோசிக்கிறேன்' என்று கண்ணை மூடிக்கொண்டு உட்காராதீர்கள். முதலில் தோன்றிய விடையை எழுதுங்கள். அது செல்லாது என்று வைத்துக்கொண்டு அடுத்ததைத் தேடுங்கள். உங்கள் வேலையே தெரியாத ஒருவரிடம் சிக்கலைச் சொல்லிப் பாருங்கள். அவர் அசட்டுத்தனமாகக் கேட்டால் சிரிக்காதீர்கள். கூட்டம் போடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தனியாக எழுதட்டும். 1958இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துவிட்டார்கள்: கூடிப் பேசிய நால்வரைவிட, தனித்தனியே யோசித்த நால்வரின் யோசனைகளைச் சேர்த்தால் அதிகம் வந்தது. மேலதிகாரிகளே, தயவுசெய்து முதல் ஆளாக வாயைத் திறக்காதீர்கள்.

அப்புறம், 'மாற்றி யோசி' என்று யாரோ பேசிய மேடைப் பேச்சைக் கேட்டுவிட்டு மறுநாளே வேலையை விட்டுவிட்டு வராதீர்கள். புது வழியைச் சிறிதாக முயன்று பாருங்கள், பழையது பக்கத்திலேயே இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு மட்டும் அந்தச் சோதனையைக் கொடுத்துவிடாதீர்கள். "நீ வலது மூளை, உனக்குக் கணக்கு வராது" என்று பத்து வயதில் கேட்ட பிள்ளை அப்புறம் அந்தப் புத்தகத்தைத் திறக்கவே தயங்கும். கெஞ்சிக் கேட்கிறேன்.